லைன் அக்கா தேர்தலில் நின்றது

மனுத் தாக்கலுக்கு அதுதான் கடைசி நாள். மணி இரண்டு நாற்பது. மூன்று அடித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். தேர்தல் அலுவலகத்து நீள மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர், முன்மொழிந்தவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்து, ஏழாவது பெயரில் விரலை நிறுத்தினார்.

“இவரு உங்க தொகுதி இல்லையேம்மா.”

மனுப் போட வந்தவள் மேசைமேல் குனிந்து அந்தப் பெயரைப் பார்த்தாள். பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். பத்துப் பேருக்கும் தொகுதிக்குள் ஓட்டு இருக்க வேண்டும். ஏழாவது ஆள் அவள் கணவரின் சிநேகிதர், பேக்கரிக்காரர். போன வருடம்தான் இரண்டு தெரு தள்ளி வீடு மாறியிருந்தார். அந்த இரண்டு தெருவுக்கும் நடுவில்தான் தொகுதியின் எல்லை ஓடுகிறது என்பது அவருக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது.

“இப்ப என்ன சார் பண்றது?”

“இன்னொருத்தரக் கூட்டிட்டு வாங்க. இருபது நிமிஷம் இருக்கு.”

“பதினெட்டு,” என்றார் பின்னால் நின்ற நாத்தனார்.

அவர் கணவரின் அக்கா. முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிகாரத்தைப் பார்க்காமலே மணி சொல்லுவார். அதில் ஒரு நிமிடம் முன்னே பின்னே இருந்து யாரும் பார்த்ததில்லை. “அண்ணி, இப்ப யாரப் போய்த் தேடுறது?” என்று இவள் கேட்டு முடிப்பதற்குள் அவர் படியிறங்கிப் பாதி தூரம் போயிருந்தார். இவளும் பின்னாலேயே ஓடினாள். ஒற்றைச் செருப்பு வார் அறுந்து படியிலேயே தங்கிவிட்டது.

எதிரில் ஒரு நகலெடுக்கும் கடை. உள்ளே ஒரு பெண் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு ஓட்டு எங்க?” என்றார் நாத்தனார், வேறு பேச்சே இல்லாமல்.

“இங்கதான். ஏன்?”

“தேர்தல்ல நிக்க ஒரு கையெழுத்துக் குறையுது.”

“யாரு நிக்கிறது?”

“இவதான். என் தம்பி பொண்டாட்டி.”

அந்தப் பெண் ஒற்றைச் செருப்போடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “எதுக்கு நிக்கிறீங்க?”

“ரயில்வே கேட்டுக்காக,” என்றாள் இவள்.

“கையெழுத்து எங்க போடணும்?” என்று கேட்டுக்கொண்டே அவள் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

மறுபடியும் மேசை முன்னால் வந்து நின்றபோது இரண்டு ஐம்பத்து மூன்று. எழுத்தர் பட்டியலைப் புரட்டினார். அவர் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் வேகத்தைப் பார்க்க நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், பிடுங்கித் தானே புரட்டிவிடுவோமோ என்ற பயத்தில். இரண்டு ஐம்பத்தேழுக்குப் பெயர் கிடைத்தது. ஐம்பத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது. நகல் கடைக்காரப் பெண் கை தட்டினாள். அலுவலகத்தில் வேறு யாரும் தட்டவில்லை. ஆனாலும் இவளுக்கு அந்த ஒரு கைத்தட்டல் காதில் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தேர்தலில் நிற்க வேண்டும் என்று கனவு கண்டவளெல்லாம் இல்லை அவள். பத்து நாள் முன்புவரை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுப்பவள். பத்தொன்பது வருட வேலை. காதில் ஹெட்செட், எதிரில் இரண்டு திரை, பக்கத்தில் மூடி போட்ட தண்ணீர்க் கோப்பை. அழைப்பு வந்ததும் முதலில் முகவரி கேட்க வேண்டும். என்ன ஆனது என்பது இரண்டாவது கேள்விதான். பாதியில் லைன் அறுந்துபோனாலும் வண்டி போய்ச் சேர வேண்டுமே. யார் அழுதாலும், திட்டினாலும், கத்தினாலும் அவள் குரல் ஏறாது, இறங்காது. “லைன்லயே இருங்க, வண்டி கிளம்பிடுச்சு,” என்று அவள் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்குப் பாதி உயிர் திரும்பி வரும்.

ஆனால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் அவளுக்குள்ளேயே ஏதோ இறுகும். மருத்துவமனை இந்தப் பக்கம். தொகுதியில் பாதி ஜனம் அந்தப் பக்கம். நடுவில் ரயில்வே கேட். “கேட்டுல நிக்கிறோம்,” என்று டிரைவர் ரேடியோவில் சொல்லுவார். அதை அவள் ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். ஒருநாள் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. சரக்கு ரயில் ஒன்று சாவகாசமாகப் போய் முடிய, எதிர்த் திசையில் இன்னொன்று வந்தது. பதினோரு நிமிடம். குழந்தை கேட்டுக்கு முன்னால் வண்டியிலேயே பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. அன்று ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து சட்டமன்ற உறுப்பினருக்கு மனு எழுதினாள். அது ஐந்தாவது மனு. நேரிலும் போய்ப் பார்த்தாள். “பார்க்கலாம்மா,” என்றார் அவர். தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தவர். ஊரில் அவருக்குப் பெயரே ‘மூணு தடவை’தான். பார்க்கலாம் என்று அவர் சொல்லியும் மூன்று வருடம் ஆகியிருந்தது.

“அந்தாளு பார்க்க மாட்டாரு,” என்று அவள் சாப்பாட்டு மேசையில் பொருமினாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒரு சட்டத்தின் திருகாணியை முடுக்கிக்கொண்டே, “வேற யாராவது ஜெயிச்சாத்தான் உண்டு,” என்றார்.

“வேற யாரு? நீ நில்லு,” என்றார் நாத்தனார்.

விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் மற்ற இருவரும் நினைத்தார்கள். மறுநாள் காலை அவர் விண்ணப்பப் படிவத்தோடு வந்து நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. வேலையை விட்டால்தான் நிற்க முடியும் என்றது சட்டம். அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாவது நாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். காது லேசாகிப் பறப்பது போலிருந்தது. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதல் கூட்டம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில். நாத்தனார் ஒலிபெருக்கிக்கு ஏற்பாடு செய்து, ஒரு மரப்பெட்டியும் கொண்டுவந்து போட்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களையும் சேர்த்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அவள் பெட்டிமேல் ஏறினாள். பதினைந்து முகங்களும் அவளையே பார்த்தன.  பத்தொன்பது வருடம் முகம் பார்க்காமல் பேசிப் பழகியவள்; எதிரில் கண்கள் இருந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. நான்கு வாக்கியம் பேசினாள். நான்காவது, “அவ்வளவுதான், நன்றி.” பஸ் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனது.

“உலகத்துல இருக்கிறவன் எல்லாம் உன்கிட்ட பேசுனா அமைதி ஆயிடுறான். நீ ஏன்டி இப்படி நடுங்குற?” என்றார் நாத்தனார்.

“அவங்க என்னைப் பார்க்கிறாங்க அண்ணி.”

“வேட்பாளர்னா பார்க்கத்தான் செய்வாங்க.”

கணவர் ஒரு யோசனை சொன்னார். “கண்ணாடியைக் கழட்டிட்டுப் பேசு. உன் பவருக்கு மூணடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் புகைதான். ஒரு முகமும் தெரியாது.”

தொழில் தெரிந்தவர் சொல்கிறாரே என்று மறுநாள் கடைத்தெருவில் கண்ணாடியில்லாமல் நடந்தாள். நன்றாகத்தான் போனது. பழக்கடை, மருந்துக்கடை, பூட்டுச் சாவிக்கடை எல்லாவற்றிலும் தடுமாறாமல் பேசினாள். ஜவுளிக்கடை வாசலில் நின்றிருந்த ஒரு பெண்ணிடம் கைகூப்பி, கேட்டைப் பற்றி முழுதாக இரண்டு நிமிடம் பேசித் துண்டறிக்கையும் நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிக்கொள்ளவில்லை. புடவை கட்டி நிறுத்தியிருந்த பொம்மை அது. கடைக்குள் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் நாத்தனாரும் சேர்ந்துகொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கு முதலில் முகம் தொங்கிப்போனது. பிறகு அவளும் சிரித்துவிட்டாள். “பொம்மை ஓட்டு நமக்குத்தான் அண்ணி,” என்றாள்.

அன்று சாயந்திரம்தான் நாத்தனாருக்கு அந்த எண்ணம் வந்தது. துண்டறிக்கையின் அடியில் ஒரு தொலைபேசி எண்ணை அச்சடித்தார்கள். தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். வேட்பாளரே எடுத்துப் பேசுவார். கண்ணாடிக்கடையின் பின்னறையில், கண் பரிசோதனை எழுத்துப் பலகைக்கு அடியில், ஒரு ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்தார்கள்.

முதல் நாள் ஒரே ஒரு அழைப்பு. தவறான எண். இரண்டாம் நாள் நான்கு. ஐந்தாம் நாள் எண்ண முடியவில்லை. கேட்டைப் பற்றி, குடிநீரைப் பற்றி, ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பற்றி, பக்கத்து வீட்டு மரம் தன் கூரையில் இலை கொட்டுவதைப் பற்றி. அவள் குரல் மறுபடியும் தன் இடத்துக்கு வந்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்றாள். “லைன்லயே இருங்க, கேட்டுச் சொல்றேன்,” என்று கணவரின் செல்பேசியை எடுத்து இன்னொரு அலுவலகத்துக்கு அப்போதே அடித்துக் கேட்டுச் சொன்னாள். ஒரு வாரத்தில் ஊரில் அவளுக்குப் பெயரே ‘லைன் அக்கா’ என்றாகிவிட்டது. அவளைவிடப் பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். டிப்போ பழக்கத்தில் நாத்தனார் ஒவ்வொரு அழைப்பையும் எந்த பஸ் நிறுத்தத்துப் பக்கத்திலிருந்து வந்தது என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார்; கேட் மூடும் நேரங்களுக்கும் அதில் தனிப் பக்கம்.

ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

“இத்தனை வருஷத்துல எத்தனை உயிரைக் காப்பாத்தியிருக்க. அத நோட்டீஸ்ல போட்டா ஒரு சுவரும் மிச்சமிருக்காது, எல்லாம் நம்ம பேருதான் இருக்கும்,” என்றார் நாத்தனார்.

“முடியாது அண்ணி.”

“பொய்யா சொல்லப் போறோம்? நடந்ததுதானே.”

“அவங்க அன்னைக்கு என்கிட்ட அழுதது ஓட்டுப் போடுறதுக்காக இல்ல. அது அவங்களோடது. நான் எடுத்துக்க மாட்டேன்.”

நாத்தனார் இரண்டு நாள் அவளோடு தேவைக்கு மேல் பேசவில்லை. “அஞ்சு மணி ஆச்சு”, “ஏழு மணி ஆச்சு” — அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வெல்டிங் பட்டறையில், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருவர் வேலையில் இருந்தார். துண்டறிக்கையை வாங்கி, பார்க்காமலே சட்டைப்பையில் செருகினார். அவள் பேச ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம்தான். அவர் கையிலிருந்த கருவியைத் தரையில் வைத்தார்.

“மேடம், கொஞ்சம் இருங்க. நீங்க எண்ணுங்க.”

“என்ன எண்ணணும்?”

“சும்மா எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய வேகத்தில், “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு,” என்றாள். அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது.

“நீங்கதான். ரெண்டு வருஷம் முன்னாடி எங்கப்பா விழுந்துட்டாரு. வண்டி கேட்டுல மாட்டிக்கிச்சு. நீங்க எண்ண எண்ண நான் நெஞ்சுல அழுத்திட்டே இருந்தேன். ஒன்பது நிமிஷம்.” சட்டென்று திரும்பி உள்ளே பார்த்துக் கத்தினார். “அப்பா, வெளிய வாங்க.”

பனியன் போட்ட ஒரு பெரியவர், டிவி பார்ப்பதைக் கெடுத்துவிட்டார்களே என்ற எரிச்சலோடு வாசலுக்கு வந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி வாசலுக்குப் போனதும் அழைப்பு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன ஆனது என்று கட்டுப்பாட்டு அறைக்கு யாரும் சொல்லுவதில்லை. பத்தொன்பது வருடத்தில் அன்றுதான் முதல்முறையாக ஒரு அழைப்பின் மறுபாதியை நேரில் பார்க்கிறாள். அது பனியன் போட்டுக்கொண்டு, கையில் ரிமோட்டோடு, “யாருடா இவங்க?” என்று கேட்டது.

திரும்பி வரும் வழியில் கேட் மூடியிருந்தது; நாத்தனார் நேரத்தை நோட்டில் குறித்தார். பிறகு, “நோட்டீஸ்ல போட வேணாம்,” என்றார். “நீ சொன்னதுதான் சரி.”

தேர்தலுக்கு ஆறு நாள் முன்பு, பள்ளிக்கூட அரங்கில் எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் கூட்டினார்கள். நானூறு நாற்காலி. அத்தனையும் நிறைந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியேயும் ஆட்கள். நான்கு வேட்பாளர்களுக்கும் ஆளுக்குப் பத்து நிமிடம். ‘மூணு தடவை’ முதலில் பேசினார். நன்றாகவே பேசினார், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தில் தான் போட்ட சாலை, கட்டிய தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணினார். கை தட்டினார்கள். அடுத்து அவள்.

கண்ணாடியைக் கழற்றவில்லை. பொம்மை விவகாரத்துக்குப் பிறகு அந்த வித்தையைக் கைவிட்டிருந்தாள். ஒலிவாங்கி முன்னால் நின்றாள். நானூறு முகம். ஒலிவாங்கியின் உயரத்தைச் சரிசெய்தாள். ஐந்து விநாடி, பத்து விநாடி. முன்வரிசையில் நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டார். எங்கோ ஒருவர் இருமினார். அப்போது நடுவில் ஒரு பெண் பொறுக்கமாட்டாமல் கையைத் தூக்கினாள். “ஒரு கேள்வி கேட்கலாமா?”

“சொல்லுங்க, எங்கிருந்து பேசுறீங்க?” என்றாள் இவள். யோசித்துச் சொன்னதில்லை, பழக்கத்தில் வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது.

“ஆறாவது வரிசையிலிருந்து அக்கா,” என்றாள் அந்தப் பெண். சிரிப்பு வெடித்தது. ‘மூணு தடவை’யே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் அவள் தோள்பட்டை இறங்கியது, மூச்சு சீரானது. நானூறு பேர் என்றால் என்ன, ஒவ்வொருத்தராகத்தானே பேசுவார்கள்.

“சரி, ஆறாவது வரிசை, என்ன பிரச்சினை?”

“கேட் கேட்டுன்னு சொல்றீங்களே, ஜெயிச்சா ஒரு வருஷத்துல மேம்பாலம் கட்டிடுவீங்களா?”

“மாட்டேன். ஒரு வருஷம்னு சொன்னா அது பொய். மேம்பாலத்துக்கு ஏழெட்டு வருஷம் ஆகும். ஆனா கேட்டுலேருந்து முந்நூறு மீட்டர் தள்ளித் தண்டவாளத்துக்கு அடியில மழைத்தண்ணி போற ஒரு வழி இருக்கு. நான் இறங்கி நடந்து பார்த்தேன். அத அகலப்படுத்துனா ஒரு ஆம்புலன்ஸ் போகலாம், வேன் போகலாம், சைக்கிள் போகலாம். லாரி போகாது. அதுக்கு ரெண்டு வருஷம். அதத்தான் முதல்ல கேட்பேன். கேட் ஒரு நாளைக்கு முப்பத்தெட்டுத் தடவை மூடுது. சந்தேகமா இருந்தா எங்க அண்ணி நோட்டுல நேரத்தோட இருக்கு, வந்து பாருங்க.”

நாத்தனார் எழுந்து நின்று நோட்டைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், கேள்விகள் பறந்து வந்தன. அவள் ஒவ்வொருவரையும் எங்கிருந்து பேசுகிறார்கள் என்று கேட்டாள். இப்போது வேண்டுமென்றே கேட்டாள், அவர்களும் வேண்டுமென்றே “ஜன்னல் கம்பியிலேருந்து” என்றெல்லாம் பதில் சொன்னார்கள். கடைசியாக வெல்டிங்காரர் எழுந்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“அந்தம்மா வேணாம்னுதான் சொல்லுவாங்க,” என்றார் அவர். “ஆனா இது எனக்கு நடந்தது, நான் சொல்றேன்.” ஒன்பது நிமிடத்தைப் பற்றி மூன்றே வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் கை தட்டவில்லை. நடுவர் அவள் நேரம் முடிந்தது என்று சொல்ல மறந்தே போனார். ‘மூணு தடவை’தான் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இந்தக் கேட்டுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யாரோ அவரைக் கேட்டார்கள். அவர் பாவம், வாய் தவறி, “பார்க்கலாம்,” என்று ஆரம்பித்தார். அதற்குமேல் அவரை யாரும் பேச விடவில்லை.

வாக்குப்பதிவு நாளில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எண்ணிக்கை நாளில் தண்ணீரும் இறங்கவில்லை. உள்விளையாட்டு அரங்கில் மேசைகள் போட்டு, காலை எட்டு மணிக்கு எண்ண ஆரம்பித்தார்கள். மொத்தம் பதினான்கு சுற்று. முதல் ஏழு சுற்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த ஏழு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில்தான் அவர்களுக்கு நம்பிக்கை. அங்கே நாலாயிரம் ஓட்டாவது முன்னால் இருந்தால் இந்தப் பக்கத்துச் சரிவைத் தாங்கலாம் என்பது நாத்தனாரின் மதிப்பீடு.

ஏழாவது சுற்று முடிந்தபோது அவள் அறுநூறு ஓட்டுதான் முன்னால் இருந்தாள். தண்ணீர்த் தொட்டியையும் சாலையையும் ஜனம் மறந்துவிடவில்லை. நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. கணவர் கைக்குட்டையால் தன் கண்ணாடியைத் துடைத்தார், அவள் கண்ணாடியை வாங்கித் துடைத்தார், பக்கத்தில் நின்ற வேறு கட்சி ஆளின் கண்ணாடியையும் கேட்டு வாங்கித் துடைத்தார்.

“போனாப் போகுது அண்ணி, டெபாசிட்டாவது தப்பும்,” என்றாள் அவள்.

“வாய மூடு. இன்னும் ஏழு இருக்கு.”

எட்டாவது சுற்று: இருபத்திரண்டு ஓட்டு அவளுக்குக் கூடுதல். நாத்தனார் எண் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று பலகைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்பதில் எண்பது குறைந்தது. பத்தில் நூறு கூடியது. இந்தப் பக்கத்து ஜனம் எதற்காக அவளுக்குப் போடுகிறார்கள்? நாத்தனார் திடீரென்று பையைத் திறந்து நோட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். விரலால் வரிகளை எண்ணிக்கொண்டே போனார்.

“பாரு. இத இத்தனை நாளா நான் கூட்டியே பார்க்கல. ஃபோன் பண்ணதுல பாதிக்கு மேல இந்தப் பக்கத்து ஸ்டாப். பஜார், காலேஜ், மில்லு, பெரிய பள்ளிக்கூடம். வேலைக்கு வர்ற ஆளு, பாடம் எடுக்கிற டீச்சரு, அம்மா அப்பா, எல்லாம் அந்தப் பக்கத்துலேருந்துதானே வரணும். இவங்களும் கேட்டப் பார்த்துட்டே உக்காந்திருக்காங்கடி.”

பதினொன்றில் இருநூறு பின்னடைவு. பன்னிரண்டில் மறுபடியும் ஐம்பது குறைந்தது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை; மேசைகளுக்கும் கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். பதின்மூன்றில் இன்னும் நூற்றுப் பத்துப் போனது. பதினான்காவது சுற்றுக்கான கடைசிப் பெட்டியைத் திறந்தபோது எல்லாரும் மேசையை நெருங்கினார்கள். அவளுடைய அடுக்கும் அவருடைய அடுக்கும் ஒரே உயரத்தில் ஏறின. எழுதுபவர் பலகையில் எண்ணைப் போட்டார். கூட்டிக் கழித்துப் பார்க்கும் முன்பே நாத்தனார் சொன்னார்: “இருநூத்தி எழுபத்தி நாலு.”

‘மூணு தடவை’ மறு எண்ணிக்கை கேட்டார். அது அவர் உரிமை. இன்னும் மூன்று மணி நேரம். முடிவில் இருநூற்று எழுபத்தொன்று என்று வந்தது. அதிகாரி ஒலிபெருக்கியில் அவள் பெயரைப் படித்தார். அரங்குக்கு வெளியே கூட்டம் “லைன் அக்கா, லைன் அக்கா” என்று கூவ ஆரம்பித்தது. முப்பத்தொரு வருடம் ஒரு பஸ்ஸையும் தாமதமாக விடாத நாத்தனார், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். பக்கத்தில் போனால் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

சான்றிதழில் கையெழுத்துப் போடும்போது ‘மூணு தடவை’ பக்கத்தில் வந்தார். களைத்திருந்தார். கை கொடுத்தார்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கே வாசல்ல ஆள் வந்துடும். நாலு நாற்காலி வாங்கிப் போடுங்க. நான் முதல் தடவை ஜெயிச்சப்ப ஒரு வயசானவரைப் படியில உட்கார வச்சுட்டேன். அது இன்னும் உறுத்துது.”

அவர் சொன்னது தப்பு. ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள். அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். படிக்கட்டில் ஒன்பது பேர். ஒருவர் கையில் கோப்பு, ஒருவர் கையில் பழுதான தண்ணீர் மீட்டர், ஒரு அம்மாள் இடுப்பில் தூங்குகிற குழந்தை. நாற்காலி வாங்க எங்கே நேரம் இருந்தது? கணவர் சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டைத் தூக்கினார். அவள் வாயை அவசரமாகக் கொப்பளித்துவிட்டு, மூன்றாவதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, ஈர முகத்தோடு, வாயெல்லாம் பல்லாக வாசலுக்கு ஓடினாள்.

“உட்காருங்கம்மா,” என்று குழந்தை வைத்திருந்தவளுக்கு முதலில் போட்டாள். “பெரியவரே, உங்களுக்கு இதோ வருது. யாரு முதல்ல வந்தீங்க?”

ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.